திமிங்கலப் பல்லில் கப்பல், தாடையெலும்பில் சோமாஸ் சக்கரம்

மகளைப் பார்க்க மாசசூசெட்ஸ் சென்றிருந்தபோது, நியூ பெட்ஃபோர்டு நகரின் திமிங்கல வேட்டை அருங்காட்சியகத்தில், உள்ளங்கை நீளமுள்ள பல் ஒன்றில் பாய்விரித்த கப்பல் கீறப்பட்டிருந்ததையும், பக்கத்துப் பேழையில் நம் வீட்டுச் சோமாஸ் கரண்டியைப் போன்ற சக்கரம் ஒன்று இருந்ததையும் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றை யார் செய்தார்கள், கடலில் அலைந்த முரட்டுக் கைகளுக்கு இந்த நுணுக்கம் எப்படி வாய்த்தது, இணையத்தில் குறைந்த விலைக்கு வந்திருக்கும் இத்தகைய பல் ஒன்றை வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா என்பவை உங்கள் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். பழம்பொருள் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன், எலும்பும் தந்தமும் என் மேசைக்கு அடிக்கடி வந்தவை என்ற அளவில் முதலிரண்டு கேள்விகளைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கைவேலைக்கு ஸ்கிரிம்ஷா என்று பெயர். சொல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு, ஒன்றும் உறுதிப்படவில்லை. எழுத்தில் அது தென்படும் மிகப் பழைய இடம், 1826இல் ‘பை சான்ஸ்’ என்ற திமிங்கல வேட்டைக் கப்பலின் நாட்குறிப்பு. காற்று மெல்ல வீசியது, மூடுபனி அடர்ந்திருந்தது, ஆட்கள் எல்லோரும் ‘ஸ்கிரிம்ஷாண்டிங்’ வேலையில் இருந்தார்கள் என்று அந்த நாளின் கணக்கை ஒருவர் முடித்திருக்கிறார். சொல்லுக்கு அவர் விளக்கம் எதுவும் தரவில்லை என்பதிலிருந்தே, கப்பலில் இருந்த எல்லோருக்கும் அது பழகிய சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்று கொள்ளலாம்.

மாலுமிகள் என்று பொதுவாகச் சொன்னாலும், இந்தக் கலை பெரும்பாலும் திமிங்கல வேட்டைக் கப்பல்களுக்கே உரியது. சரக்குக் கப்பலில் ஆட்கள் குறைவு, வேலை அதிகம், துறைமுகம் சேர வேண்டிய அவசரமும் உண்டு. வேட்டைக் கப்பலின் கணக்கு வேறு. திமிங்கலத்தைத் துரத்தும் படகு ஒன்றுக்கு ஆறு பேர் வேண்டும். மூன்று நான்கு படகுகளை ஒரே நேரத்தில் கடலில் இறக்க வேண்டும். அதனால் முப்பது, முப்பத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டுதான் கப்பல் புறப்படும். ஆனால் பாயை ஏற்றி இறக்கிக் கப்பலைச் செலுத்த அதில் பாதிப்பேர் போதும். பயணம் மூன்று நான்கு ஆண்டுகள் நீளும். திமிங்கலம் கண்ணில் பட்டால் இரவு பகல் பாராத உழைப்பு, படாவிட்டால் வாரக்கணக்கில் சும்மா இருப்பு. வேட்டைக்களத்தை அடைந்த பிறகு இரவில் பாய்களைச் சுருக்கிவிட்டு மிதந்துகொண்டிருப்பதே வழக்கம் என்பதால் மாலைப்பொழுதுகளும் கையில் மிஞ்சின. தனியாகச் சம்பளமும் கிடையாது. பயணம் முடிந்து எண்ணெய் விற்ற பணத்தில் பங்குதான். புதிதாகச் சேர்ந்தவனுக்கு நூற்றெழுபத்தைந்தில் ஒரு பங்கு, இருநூறில் ஒரு பங்கு என்ற அளவில் கிடைக்கும். நேரம் நிறைய இருந்து காசு இல்லாத இந்த நிலைதான், ஊருக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு போகாமலிருக்க ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணத்தைத் தந்தது.

அடுத்தது பொருள். வேட்டையின் குறி எண்ணெய். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் கொழுப்பை உருக்கினால் விளக்கெரிக்கும் எண்ணெய் கிடைக்கும். அதன் பெரிய தலைக்குள் இருக்கும் மெழுகு போன்ற பொருளிலிருந்து உயர்தர மெழுகுவத்தி செய்வார்கள். வேறு சில திமிங்கலங்களின் வாயில் பற்களுக்குப் பதிலாகச் சீப்புப்போல் தொங்கும் பலீன் தகடுகள் இருக்கும். வளைந்து கொடுத்தும் முறியாத அந்தத் தகடு, பெண்கள் அணிந்த கார்செட் என்னும் இறுக்கு உடைக்கும் குடைக்கம்பிக்கும் பயன்பட்டதால் அதற்கும் நல்ல விலை இருந்தது. பற்களுக்கு மட்டும் ஊர்ச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. ஸ்பெர்ம் திமிங்கலத்தின் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு 18 முதல் 26 வரை பற்கள் இருக்கும். மேல்தாடைப் பற்கள் பெரும்பாலும் ஈறைவிட்டு வெளியே வருவதே இல்லை. பெரிய பல் ஒன்று ஒரு கிலோ எடைவரை வரும். தாடையை வெட்டிக் கப்பல்தளத்துக்குத் தூக்கி, ஈறை மண்வெட்டிபோன்ற கருவியால் அறுத்து, கப்பிக் கயிற்றைப் பூட்டி இழுத்தால் பற்கள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வரும். முதலாளிக்கு வேண்டாத அந்தப் பற்கள் ஆட்களின் கைக்கு வந்தன. பற்களைப் பிடுங்கிய பிறகு மிஞ்சிய தாடையெலும்பைப் பலகை பலகையாக அறுத்து வைத்துக்கொண்டார்கள்.

பற்கள் எப்போதுமே இப்படி மலிவாக இருந்தன என்று நினைத்துவிட வேண்டாம். பசிபிக் தீவுகளில் திமிங்கலப் பல் பெருஞ்செல்வம். பிஜியில் ‘தம்புவா’ என்ற பெயரில் இன்றும் திருமணம், இறப்பு, சமாதானப் பேச்சு ஆகியவற்றில் கைமாறும் மதிப்புப்பொருள் அது. அமெரிக்கக் கடற்படையின் ‘எஸெக்ஸ்’ போர்க்கப்பலின் தலைவர் டேவிட் போர்ட்டர் 1813இல் மார்க்கெசஸ் தீவுகளில் தங்கியிருந்தார் (1820இல் திமிங்கலம் முட்டி மூழ்கிய எஸெக்ஸ் வேறு கப்பல்). பத்துப் பற்களைக் கொடுத்தால் முன்னூறு டன் கப்பல் நிறையச் சந்தனக்கட்டை ஏற்றிவரலாம் என்று 1815இல் வெளியான தம் பயணக் குறிப்பில் அவர் எழுதினார். செய்தி பரவிய பிறகு வணிகர்கள் பற்களைக் கொண்டுபோய்க் குவித்திருக்கிறார்கள். குவித்த பொருளின் விலை சரிவதும், விற்கப் பயனில்லாத பல் கப்பலிலேயே தங்குவதும் இயல்பு. படம் கீறப்பட்ட பற்களில் தேதியோடு கிடைத்த மிகப் பழையது 1817ஆம் ஆண்டைக் குறிப்பது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். லண்டனிலிருந்து போன ‘ஆடம்’ என்ற கப்பல் காலாபகோஸ் தீவுகளுக்கு அருகில் பிடித்த திமிங்கலத்தின் பல் அது, அந்தத் திமிங்கலம் நூறு பீப்பாய் எண்ணெய் கொடுத்தது என்று அதன்மீதே பொறித்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் இந்தக் கலையைத் தங்களுடையதாகக் கொண்டாடினாலும், நமக்குக் கிடைத்திருக்கும் முதல் சான்று பிரிட்டிஷ் கப்பலுடையது.

இனிக் கைவேலை. பிடுங்கிய பல் நீங்கள் பேழையில் பார்த்ததுபோல் வழுவழுப்பாக இருக்காது. நீளவாக்கில் வரிவரியாக மேடு பள்ளம் ஓடும்; நிறமும் மங்கலாக, அழுக்கு மஞ்சளாக இருக்கும். முதலில் கத்தியாலோ அரத்தாலோ அந்த மேடுகளைச் சீவி எடுக்க வேண்டும். பிறகு சுறாத்தோலால் தேய்க்க வேண்டும். உப்புத்தாளுக்கு மாற்றாகச் சுறாத்தோலைப் பயன்படுத்துவது பல கடற்கரைகளில் தச்சர்களுக்குத் தெரிந்த பழைய உத்தி; ஒரு பக்கம் கை வழுக்கும், எதிர்ப்பக்கம் தோலை உரிக்கும். அதன்பின் நுரைக்கல் பொடி, கடைசியாகச் சாம்பலைத் துணியில் தொட்டு உள்ளங்கை சூடேறும்வரை மெருகு. படம் தொடங்கும் முன்பே இப்படிப் பல நாட்கள் போய்விடும். காய்ந்த பல் கடினமாக இருப்பதால் உப்புநீரில் ஊறப்போட்டு வேலை செய்தவர்களும் உண்டு.

கீறுவதற்குத் தனிக் கருவி என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. மடக்குக் கத்தியும், மரப்பிடியில் செருகிய பாய் தைக்கும் ஊசியுமே போதும். கீறிய கோடு வெள்ளையில் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் உருக்கும் அடுப்பின் கரியையோ விளக்குப் புகைக்கரியையோ கொஞ்சம் எண்ணெயில் குழைத்து மேலே பூசி, உடனே துணியால் துடைத்துவிட்டால் மேற்பரப்பு வெளுப்பாகிவிடும், கோட்டுக்குள் மட்டும் கறுப்பு நிற்கும். புகையிலைச் சாற்றைப் பூசியவர்களும் இருந்தார்கள். சிவப்பு வேண்டுமானால் முத்திரை அரக்கு, பச்சை வேண்டுமானால் செம்பில் பிடிக்கும் களிம்பு. பென்சிலில் போட்டதை அழித்துத் திரும்பப் போடுவதுபோல் இதில் முடியாது. ஊசி ஒருமுறை வழுக்கினால் அந்தக் கீறலும் கரியை வாங்கிக்கொண்டு படத்தோடு நிரந்தரமாக நின்றுவிடும். அசைந்துகொண்டே இருக்கும் கப்பலில், வளைந்த பரப்பில், கொழுப்பு விளக்கு வெளிச்சத்தில் செய்த வேலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பாய்மரக் கயிறுகளைத் திரும்பப் பாருங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியில் ஒரு சிறு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் படங்கள் எல்லாம் மாலுமிகளின் கற்பனையிலிருந்து பிறந்தவை அல்ல. கப்பல், படகு, திமிங்கலம், கயிறு ஆகியவற்றை அவர்கள் கண்டறிந்த அறிவோடு வரைந்தார்கள். எந்தக் கயிறு எந்தப் பாய்க்குப் போகிறது என்பதில் தவறு நேராது. ஆனால் பெண் உருவம், தேசியச் சின்னம், போர்க் காட்சி என்றால் பெரும்பாலும் அச்சுப் படத்திலிருந்து எடுத்ததுதான். பத்திரிகைப் படத்தை வெட்டிப் பல்லின்மேல் ஒட்டுவார்கள். கோட்டின் வழியே ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு போவார்கள். தாளை உரித்தெடுத்துவிட்டுப் புள்ளிகளைச் சேர்த்துக் கீறுவார்கள். நம் வீடுகளில் கோலமாவை ஓட்டைத்தாள்மேல் தேய்த்து அச்சு எடுப்பதற்கும் இதற்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை. பிலடெல்பியாவிலிருந்து 1830 முதல் வெளிவந்த ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற மகளிர் இதழின் உடையலங்காரப் படங்கள் இப்படிப் பல பற்களில் ஏறியிருக்கின்றன. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கோடு திரும்பும் இடங்களில் அந்தப் பழைய ஊசிப்புள்ளி சிறு குழியாக இன்றும் தெரியும்.

செய்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் முந்தியவர் நான்டக்கெட் தீவைச் சேர்ந்த எட்வர்டு பர்டெட், 1805இல் பிறந்தவர். ஆழமாக வெட்டிய கறுப்புக் கோடும் இடையிடையே அரக்குச் சிவப்பும் அவருடைய கையை அடையாளம் காட்டுபவை. 1833இல் வேட்டையின்போது, குத்துப்பட்ட திமிங்கலம் இழுத்துக்கொண்டு ஓடிய ஈட்டிக் கயிற்றில் சிக்கி அவர் கடலுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். தாம் பற்களில் வரைந்த அதே காட்சியில் முடிந்த வாழ்க்கை அது. அடுத்தவர் பிரெடெரிக் மைரிக். ‘சூசன்’ என்ற நான்டக்கெட் கப்பலில் இருந்த இவர், 1828–29இல் அந்தக் கப்பலின் படத்தைப் பல்லுக்குப் பல் கீறி, கையெழுத்தும் தேதியும் இட்டார். ‘சூசன் பற்கள்’ என்றே பெயர்பெற்ற அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவை இன்று கணக்கில் உள்ளன. அவர் வழக்கமாகப் பொறித்த ஈரடிப் பாடலின் பொருள் இது: உயிரோடிருப்பவற்றுக்குச் சாவு, கொல்பவர்க்கு நீண்ட ஆயுள், மாலுமிகளின் மனைவியருக்கு நலம், திமிங்கல வேட்டைக்காரருக்கு எண்ணெய் ஒழுகும் அதிர்ஷ்டம். இருபது வயதையொட்டிய இளைஞர் ஒருவர் இதை எவ்விதச் சங்கடமும் இல்லாமல், பூவேலை செய்த கரைக்கு நடுவே அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார். இக்காலக் கண்ணுக்கு இது உறுத்தும். ஆனால் அந்தத் தொழிலை அதன் வாயாலேயே கேட்க வேண்டுமென்றால் இதைவிட நேரான வாசகம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஏலக்கூடங்களிலும் நூல்களிலும் பற்களுக்கே முதலிடம். என் கருத்து அப்படியல்ல. நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்தச் சோமாஸ் கரண்டிதான் இந்தக் கலையின் உச்சம் என்பேன். அதன் வேலையும் ஏறத்தாழ நம்முடையதுதான். ‘பை’ என்ற பலகாரத்துக்கு மாவை விரித்து, உள்ளே ஆப்பிளையோ இறைச்சியையோ வைத்து, மேலே இன்னொரு மாவுத்தகட்டை மூடி, ஓரத்தை நெளிநெளியாக வெட்டி ஒட்டுவதற்கான சக்கரம். ஊரில் இரும்பிலோ பித்தளையிலோ சில காசுக்குக் கிடைத்த பொருள். அதைப் பல்லிலும் தாடையெலும்பிலும் செய்ய ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார் என்றால் தேவைக்காக மட்டும் செய்யவில்லை என்பது தெளிவு.

இத்தகைய சக்கரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க எனக்கு ஒருமுறை வாய்த்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. சக்கரத்தின் விளிம்பில் நெளிவுகள் எண்ணி வைத்ததுபோல் ஒரே இடைவெளியில் இருந்தன. முதலில் விளிம்பை அளந்து கோடிட்டு, பிறகு ஒவ்வொரு பள்ளத்தையும் அரத்தால் ராவியிருக்க வேண்டும். கைப்பிடி குதிரைத் தலையாக முடிந்தது, பிடரி மயிர் தனித்தனி இழையாகக் கீறப்பட்டிருந்தது. சக்கரம் சுழலும் அச்சாணி செம்பு. கடலில் செய்தவர் அச்சைச் சற்றுத் தளர்வாகவே விட்டிருந்தார். எலும்பு ஈரத்தில் லேசாக உப்பும், இறுக்கி வைத்தால் அடுப்படியில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும் என்பதை அறிந்தவராக இருந்திருப்பார். நெளிவுகளின் நுனி மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து மழுங்கியிருந்தது. வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் ஆண்டுக்கணக்கில் அழுத்தி ஓட்டிய தேய்மானம் அது. காட்சிப்பொருளாகவே அலமாரியில் இருந்துவிட்ட சக்கரங்களும் உண்டு. இது அடுப்படியில் உழைத்த சக்கரம்.

இந்த வீட்டுப்பொருள் வரிசை நீளமானது. துணிக்கொடிக்கு மாட்டும் கவ்வி, பூரிக்கட்டை போன்ற உருளை, தையல்பெட்டி, ஊசிக்கூடு, பறவைக்கூண்டு, கைத்தடி, கப்பலுக்கே வேண்டிய கயிறு பிரிக்கும் முளைகள் எல்லாம் எலும்பில் செய்யப்பட்டன. தொழில்நுட்பத்தில் எல்லாவற்றையும் மிஞ்சுவது ‘ஸ்விஃப்ட்’ என்னும் நூற்சிட்டம் தாங்கி. கடையில் சிட்டமாக வாங்கிய கம்பளிநூலை உருண்டையாகச் சுற்றும்போது சிட்டத்தை விரித்துப்பிடிக்க இன்னொருவர் கை வேண்டும்; அந்தக் கைக்கு மாற்று இது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் தண்டின்மேல், மெல்லிய எலும்புச் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கூண்டு ஒன்று குடையைப்போல் விரியும், மடங்கும், சுழலும். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரே தடிப்பில் இழைக்கப்பட்டு, ஒரே இடத்தில் துளையிடப்பட்டு, ஆணியாலோ நூலாலோ கோக்கப்பட்டிருக்கும். ஒரு துளை கொஞ்சம் தள்ளிப்போனாலும் கூண்டு கோணிக்கொள்ளும். இதைப் படம் வரையத் தெரிந்தவரால் செய்துவிட முடியாது. கப்பலில் பீப்பாய் கட்டுபவர், தச்சர், கொல்லர் இருந்தார்கள், அவர்களின் கருவிகளும் பட்டறையும் இருந்தன என்பதை மறந்துவிட்டு ‘மடக்குக் கத்தியால் செய்த அற்புதம்’ என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவது பாதி உண்மைதான்.

கார்செட்டின் முன்பக்கத்தில் நெஞ்சுக்கு நேராகச் செருகும் ‘பஸ்க்’ என்ற பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓரடி நீளத்துக்குச் சற்று மேற்பட்ட எலும்புப் பட்டையோ பலீன் பட்டையோ அது; இதயம், வீடு, மரம், கப்பல், விண்மீன் என்று கீழிருந்து மேலாகச் சித்திரங்கள். உடைக்குள் செருகியபின் அணிந்தவரைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. மனைவிக்கோ காதலிக்கோ மட்டுமே கொடுக்கக்கூடிய பொருள் என்பதால், விற்பதற்காகச் செய்ததா, கொடுப்பதற்காகச் செய்ததா என்ற கேள்வியே இதில் எழுவதில்லை.

திமிங்கலம் மட்டும் அல்லாமல் கைக்குக் கிடைத்த மற்றக் கடலுயிர்களும் பயன்பட்டன. சுறாவின் முதுகெலும்பு வட்டுகளை இரும்புக் கம்பியில் வரிசையாகக் கோத்துக் கைத்தடி செய்தார்கள். ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் பாதச் சவ்வைப் பதப்படுத்திப் புகையிலைப் பை தைத்தார்கள், அதன் சிறகெலும்பு புகைக்குழாயின் தண்டாயிற்று. ஆமையோட்டுத் துண்டுகளை எலும்புப் பெட்டிகளில் பதித்தார்கள். ‘மாலுமியின் வாலண்டைன்’ என்று பெயர்பெற்ற எண்கோணச் சிப்பிப் பெட்டிகளை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். பல நிறச் சிறு சிப்பிகளை இதயமாகவும் ரோஜாவாகவும் கண்ணாடிக்குள் பதித்த அழகான பொருள்கள் அவை. காதலியை நினைத்துக் கடலில் ஒவ்வொரு சிப்பியாக ஒட்டினார்கள் என்ற கதை நெடுங்காலம் நம்பப்பட்டது. பழைய பெட்டி ஒன்றைப் பழுதுபார்க்கப் பிரித்தபோது சிப்பிகளுக்கு அடியில் பார்படாஸ் நாட்டுச் செய்தித்தாள் இருந்தது. தொடர்ந்து ஆராய்ந்ததில், பெரும்பாலானவை பார்படாஸின் பிரிட்ஜ்டவுன் நகரில் உள்ளூர்க் கைகளால் செய்யப்பட்டு, கடையில் மாலுமிகளுக்கு விற்கப்பட்ட நினைவுப்பொருள்கள் என்று தெரியவந்தது. இராமேசுவரத்தில் பெயர் எழுதிய சங்கை வாங்கிவரும் பயணியின் வேலைதான் மாலுமி செய்தது.

வடதுருவக் கடலுக்கு வேட்டை நகர்ந்தபோது, வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தமும் சேர்ந்துகொண்டது. அங்கே கலை ஒரே திசையில் போகவில்லை. அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்கு வால்ரஸ் தந்தத்தில் கீறும் மரபு பல நூற்றாண்டு பழையது. வேட்டைக் கப்பல்கள் வந்தபின் அவர்களும் விற்பனைக்காக வேறுவிதமாகச் செதுக்கினார்கள். மாலுமிகளால் ‘ஹேப்பி ஜாக்’ என்று அழைக்கப்பட்ட அங்கொக்வாஷுக் என்ற செதுக்குக் கலைஞர் நோம் நகரில் பெரும்பெயர் பெற்று 1918இல் மறைந்தார். அவருடைய வேலைகளை மாலுமிகளின் வேலையோடு ஒரே பெயரில் சேர்ப்பது சரியல்ல என்பது என் எண்ணம்.

தொழில் சரிந்ததும் கலையும் மெல்லத் தேய்ந்தது. 1857இல் நியூ பெட்ஃபோர்டு மட்டும் 329 வேட்டைக் கப்பல்களை வைத்திருந்தது. இரண்டே ஆண்டில், 1859இல், பென்சில்வேனியாவில் நிலத்தைத் துளைத்துப் பெட்ரோலியம் எடுத்தார்கள், விளக்குக்கு மண்ணெண்ணெய் வந்தது. 1871இல் அலாஸ்காவின் வடகடலில் 33 கப்பல்கள் பனிக்கட்டிக்குள் சிக்கிக் கைவிடப்பட்டன. 1841இல் கட்டிய ‘சார்லஸ் டபிள்யூ. மார்கன்’ என்ற கப்பல் 1921வரை வேட்டைக்குப் போய்வந்தது. இன்று கனெக்டிகட் மாநிலத்தின் மிஸ்டிக் சீபோர்ட்டில் நிற்கிறது. அடுத்தமுறை மகள் வீட்டிலிருந்து ஒரு பகல் கிடைத்தால் அதற்குள் இறங்கிப் பாருங்கள். ஆட்கள் படுத்த முன்பகுதியில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. அந்த இடத்தையும் ஸ்விஃப்டின் சிம்புகளையும் மனத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

செய்த காலத்தில் அலமாரியிலும் அடுப்படியிலும் கிடந்த இவை இருபதாம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களின் கைக்குப் போயின. அதிபர் ஜான் கென்னடி இவற்றைத் தேடிச் சேர்த்தவர். தம் அலுவலக மேசைமீதே பற்களை வைத்திருந்தார். 1962 கிறிஸ்துமஸுக்கு மனைவி அவருக்குக் கொடுத்தது, அதிபர் முத்திரை பொறித்த திமிங்கலப் பல். மறு ஆண்டு அவர் கொல்லப்பட்டபோது அந்தப் பல்லும் அவருடன் புதைக்கப்பட்டது. அவரால் இந்தக் கலைக்குக் கிடைத்த விளம்பரத்துக்குப் பிறகு விலை ஏறியது, விலை ஏறியதும் போலிகள் வந்தன.

இங்கேதான் உங்கள் மூன்றாவது கேள்வி வருகிறது. விலை மலிவாக இருக்கும் ‘பழைய’ பல், பெரும்பாலும் பிசின் வார்ப்பு. உண்மையான பல்லிலிருந்து அச்சு எடுத்து, எலும்புப் பொடி கலந்த பிளாஸ்டிக் பிசினை ஊற்றி, படத்தோடு சேர்த்தே வார்த்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் அருங்காட்சியகக் கடைகளில் நகல் என்று சொல்லியே விற்ற பொருள். கைமாறிக் கைமாறி அந்த உண்மை மட்டும் உதிர்ந்துவிட்டது. இதை எழுதும் நானும் ஏமாந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், வெளியூர்ப் பழம்பொருள் சந்தை ஒன்றில், ஒருவரிடம் 1829 என்று தேதியிட்ட பல்லை வாங்கினேன். கையில் கனம் இருந்தது, மஞ்சள் பூத்திருந்தது, விற்றவர் தாத்தா கதையும் சொன்னார். இரண்டு மாதம் கழித்து வேறொருவர் காட்டிய பல்லில் அதே கப்பல், அதே தேதி, கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஊசி வழுக்கிய அதே கீறல். கையால் கீறிய இரண்டு பற்களில் பிழைகூட ஒரே இடத்தில் நேராது. வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியின்கீழ் வைத்தேன். அடிப்பக்கத்தில் குண்டூசித் தலையளவு காற்றுக்குமிழிகள். கோடுகளின் விளிம்பு வெட்டுப்பட்டதுபோல் கூராக இல்லாமல், வெயிலில் உருகிய மெழுகுபோல் மழுங்கியிருந்தது. அந்தப் பல் இன்றும் என் மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உண்மையான பல்லின் அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தால், நரம்பு இருந்த குழி கூம்பாக உள்ளே போகும். அதன் விளிம்பில் வெளி உறையும் உள் தந்தமும் இரண்டு தனி நிற வளையங்களாகத் தெரியும். வார்ப்பில் இந்தக் குழி ஆழமில்லாமலும் வளையம் இல்லாமலும் இருக்கும். புறஊதா விளக்கின்கீழ் தந்தம் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும், பிசின் பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பொருள் உண்மையானதாக இருந்துவிட்டால் அதைக் கெடுத்தவர் நீங்களாகிவிடுவீர்கள். இன்னொரு வகைப் போலி இதைவிடத் தொல்லை தருவது: பல் உண்மையானது, பழையது, படம் மட்டும் போன மாதம் கீறியது. அதைக் குழியும் வளையமும் காட்டிக்கொடுக்காது. கோட்டின் ஓட்டம், கரியின் தன்மை, அந்தக் காலத்துக் கப்பலில் இல்லாத கயிறு ஆகியவற்றை அறிந்த கண் வேண்டும்.

போலியாக இருந்தால் பணம் போகும். உண்மையாக இருந்தால் சட்டம் வரும். ஸ்பெர்ம் திமிங்கலம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் 1972இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டமும் 1973இன் அழியும் உயிரினங்கள் சட்டமும் இதன் விற்பனையைக் கட்டுப்படுத்துகின்றன. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்குச் சில விலக்குகள் உண்டென்றாலும், ஆவணங்களால் அந்த வயதை நிறுவும் சுமை வைத்திருப்பவரைச் சேரும். மாநிலங்கள் சில, தந்த விற்பனைக்குத் தனிச் சட்டமும் வைத்திருக்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திமிங்கலத்தையும் அதன் உடல்பாகங்களையும் காக்கிறது. தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரைகளில் அம்பர்கிரிஸ் வைத்திருந்தவர்கள் கைதான செய்திகளை நாளிதழில் படித்திருப்பீர்கள். அதுவும் இதே ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உண்டாகும் பொருள்தான். பெட்டியில் பல்லோடு விமான நிலையத்தில் இறங்கி, ‘இது கலைப்பொருள்’ என்று சுங்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டு நிற்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

வீட்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டுமென்றால், நகல் என்று அடியில் தெளிவாகப் பொறித்த வார்ப்பை அருங்காட்சியகக் கடையில் கேட்டுப் பாருங்கள். அடுத்தமுறை நியூ பெட்ஃபோர்டு போகும்போது, பற்களின் பேழையைக் கொஞ்சம் சீக்கிரமே கடந்து அந்தச் சக்கரங்களிடம் வந்துவிடுங்கள். நெளிவுகளின் நுனி எந்தப் பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்து, எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.